பதினாறு தோள்கள்

1

எங்கள் பிள்ளையாரைத் தூக்கப் பதினாறு தோள்கள் வேண்டும். மூஷிக வாகனம், அதன் மேல் சுவாமி, சாத்துப்படி, திருவாசி எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு பாரம். இரண்டு நீளத் தண்டுகள். ஒவ்வொரு தண்டுக்கும் முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். பன்னிரண்டு பேர் காணும், அவ்வளவு போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் ஒருநாளும் தோள் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மொன்ட்ரியாலில் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருக்கும் எங்கள் கோயிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோயில் என்றதும் ஊரில் இருக்கிற உங்களுக்குக் கோபுரம், கேணி, தேர்முட்டி என்று ஒரு காட்சி மனதில் வரும். இங்கே கோபுரம் இல்லை. முந்தி சோபா, கட்டில் விற்ற கட்டடம். வாசலில் இரும்புக் கதவு, ஒரு பக்கம் கார் திருத்துமிடம், மறுபக்கம் வெறும் மதில். ஆனால் உள்ளே போய்க் கண்ணை மூடினால் கற்பூரமும் மணியோசையும் அதேதான். கண்ணைத் திறந்தாலும் பிள்ளையார் அதே பிள்ளையார்தான்.

வருஷத்தில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு பகுதி ஆட்களின் உபயம். அந்த நாளின் பூ, பொங்கல், மேளம், சுவாமி தூக்க ஆள், எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஐந்தாம் திருவிழா வடமராட்சியாருடையது, அதாவது எங்களுடையது. இங்கே கோடையில் கட்டட வேலைக்காரருக்கும் பல தொழிற்சாலைகளுக்கும் இரண்டு கிழமை விடுமுறை விடுவார்கள். ஐயர் பஞ்சாங்கத்தையும் அந்த விடுமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கொடியேற்றத்துக்கு நாள் குறிப்பார். இதற்கு நீங்கள் சிரிக்கக் கூடாது. ஆள் வராத திருவிழாவைப் பிள்ளையாரும் விரும்பமாட்டார்.

போன வருஷம் எங்கள் உபயத்துக்குப் பதின்மூன்று பேர்தான் சேர்ந்தோம். எப்படியும் தூக்கலாம் என்று தூக்கிவிட்டோம். தெருமூலையில் திரும்பும்போது வாகனம் ஒரு பக்கமாகச் சரிந்தது. குடை பிடித்தவர் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தண்டைப் பிடித்தார். சுவாமி விழவில்லை. ஆனால் எங்கள் மனம் விழுந்துவிட்டது. அந்த மாதமே நிர்வாக சபை கூடி ஒரு முடிவெடுத்தது: இனி எந்த உபயத்தில் பதினாறு பேர் சேரவில்லையோ, அன்றைக்குச் சுவாமி வெளியே வரமாட்டார். உள்ளுக்குள் சுற்றுவதோடு சரி.

வருஷத்தில் ஒருநாள்தான் எங்கள் கையால் அவரை வெளியே கூட்டிப்போகிறோம். அன்றும் அவர் வாசல் தாண்டாவிட்டால், பிறகு அது என்ன உபயம்?

2

இந்த ஆடியோடு நாங்கள் இங்கே வந்து பதினைந்து வருஷம்.

வந்த முதல் கோடையில் என் மனைவி புஷ்பம் வீட்டின் பின்பக்கம் பாகல் விதை போட்டாள். ஊரிலிருந்து கைக்குட்டை முடிச்சில் வந்த விதை. கொடி வேலி முழுக்கப் படர்ந்தது, எல்லாம் இலை. பூக்கத் தொடங்கியபோது புரட்டாதி மாதம். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் பனி பட்டு வெந்த கீரை மாதிரிக் கிடந்தது. புஷ்பம் அதன் பக்கத்தில் நின்று அழுதாள். பாகலுக்காக மட்டும் அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம், வெளியே உறைபனி கிடக்கும்போதே வீட்டுக்குள் யன்னலடியில் தயிர்க் கோப்பைகளில் விதைத்தாள். ஏழெட்டுக் கொடியில் ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு முந்திப் பூத்து இரண்டு காய் தந்தது.

"ரெண்டையும் கறி வையனப்பா" என்றேன்.

"உங்கட நாக்குக்கு ஒரு வருஷம் பொறுக்க ஏலாதோ?" என்று சொல்லி, இரண்டையும் பழுக்க விட்டு விதை எடுத்துவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். எந்தக் கொடி முந்திக் காய்க்கிறதோ அதன் விதைதான் அடுத்த வருஷத்துக்கு. இப்போது எங்கள் வீட்டுப் பாகல் ஆடி முடியமுன் காய்க்கிறது. கொடி கட்டையாகிவிட்டது, காயும் சின்னதுதான். கசப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். செடிகொடிகள் எப்படி மாறுகின்றன என்று படித்தவர்கள் விளக்குவார்கள். நான் கண்டது இவ்வளவுதான்: அந்தக் கொடி ஒருநாளும் மாறப்போகிறேன் என்று முடிவெடுக்கவில்லை. குளிர் கேட்டது, அது கொடுத்தது.

மனிதரும் அப்படித்தானோ என்று யோசிப்பேன். ஊரில் எங்கள் கோயிலில் தண்டுக்குக் கீழே இடம்பிடிக்க ஆட்கள் முண்டியடிப்பார்கள். நான் தோள் கொடுக்கத் தொடங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. யார் தோள் கொடுக்கலாம், யார் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று அங்கே ஒரு கணக்கும் இருந்தது. உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கே நடந்த முதல் திருவிழாவில் அந்தக் கணக்கை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சுவாமி எழும்பியிருக்க மாட்டார், அவ்வளவு ஆள்தான் இருந்தோம். எனக்கு முன்னால் தோள் கொடுத்தவர் ஊரில் எங்கள் கோயில் வாசலைத் தாண்ட விடப்படாதவர். அவருடைய கழுத்து வியர்வை என் முகத்தில் தெறித்தது. சுவாமி எழும்பினார். வானம் இடிந்து விழவில்லை.

அதனால் நாங்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டோம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கலியாணப் பேச்சு வந்தால் அந்தக் கணக்கு இன்னும் தலை தூக்கும். ஆனால் தண்டுக்குக் கீழே அது செத்துப்போயிற்று.

3

இந்த வருஷம் பங்குனியிலேயே நான் ஆட்களை எண்ணத் தொடங்கினேன்.

எங்கள் உபயத்தில் இருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் ரொறன்ரோவுக்குப் போய்விட்டன. அங்கே ஆங்கிலம் தெரிந்தால் போதும், சொந்தக்காரரும் அதிகம். போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. என் மூத்தவன் அரவிந்தனும் அங்கே வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா, அந்தக் கிழமை லீவு தரமாட்டாங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தே ரெண்டு மாசம்."

"ஒரு நாள்தானே தம்பி. ஆறு மணித்தியாலம் பஸ்."

"போக ஆறு, வர ஆறு. பிள்ளையார் இஞ்சயும் இருக்கிறார்தானே அப்பா. இஞ்ச எத்தினை கோயில் தெரியுமோ?"

"இருக்கிறார். அங்க அவரைத் தூக்க ஆயிரம் பேர் நிக்கிறாங்கள். இஞ்ச ஆர் நிக்கிறது?"

"பாப்பம்" என்றான். எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவன் என்னிடமிருந்துதான் பழகினான்.

எண்ணி முடித்தபோது பதினொரு பேர். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது சபாரத்தினம் அண்ணை என்னை மறித்தார். அவர்தான் எங்கள் நிர்வாக சபைத் தலைவர். ஊரில் தபாற்கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். ஆறாம் திருவிழா அவருடைய பகுதி ஆட்களுடையது.

"எத்தினை பேர் தம்பி?"

"பதினொண்டு அண்ணை."

"என்னட்டை ஒன்பது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இனி உது சரிவராது கண்டியோ. அடுத்த வருஷம் சில்லுப் பூட்டுவம். நல்ல ரப்பர்ச் சில்லு. ஆசுப்பத்திரிக் கட்டில் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்."

"சுவாமி என்ன நோயாளியே அண்ணை?"

"நீ பகிடி விடு. போன வருஷம் சரிஞ்சது பகிடியே? எனக்கு இன்னும் நெஞ்சு இடிக்குது."

அவர் சொன்னதில் பிழை இல்லை. சில்லில் போனாலும் சுவாமி சுவாமிதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் தோளில் தண்டு அழுத்துகிற அந்த நேரம் இருக்கிறதே, வருஷம் முழுக்க நான் தொழிற்சாலையில் தைக்கிற கோட்டுகளின் பாரமெல்லாம் அந்த ஒரு பாரத்தில் கரைந்துபோகும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

4

ஊர்வலம் போவதென்றால் நகரசபைக்கு ஒரு படிவம், காப்புறுதிக்காரருக்கு ஒரு படிவம். எல்லாம் பிரெஞ்சில். போன வருஷம் சரிந்த விஷயம் காப்புறுதிக்காரர் காதுக்கும் போய்விட்டதால், இந்த வருஷம் அவர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் சுவாமி தூக்கும் பதினாறு பேரின் பெயரும் வயதும் முன்கூட்டியே கொடுக்கவேண்டும்.

பன்னிரண்டு வருஷம் கோட்டுத் தொழிற்சாலையில் நின்றும் என் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சி, சீக்கிரம், முடிந்தது என்ற அளவில்தான் நிற்கிறது. வீட்டுப் படிவமெல்லாம் மகள் அபிராமிதான் நிரப்புவாள். பத்தொன்பது வயது, தாதிப் படிப்புப் படிக்கிறாள். கனவும் பிரெஞ்சில்தான் காண்கிறாள் என்று தாய் சொல்வாள்.

ஒரு பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இருந்து நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் ஊர்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் ஊர்ச் செய்தி எதுவும் நல்லதாக இல்லை.

"பதினொரு பேர் போட்டாச்சு. மிச்சம் அஞ்சு கோடு வெறுமையாக் கிடக்குதப்பா."

"ஆரையும் போடன். பேந்து மாத்தலாம்."

"ஆரையும் எண்டா?"

"உனக்குத் தெரிஞ்ச ஆக்களைப் போடு. கோடு நிரம்பினாச் சரி."

"அப்பா, வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஓம் ஓம். கொண்டா, கையெழுத்து வைக்கிறன்."

வைத்தேன். வாசிக்கவில்லை.

இது எங்கள் ஆட்களின் பழக்கம். படிவம் என்றால் கோடு நிரம்பவேண்டும், உண்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் கடதாசியில் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள். ஊரில் படிவம் ஒரு பக்கம் போகும், வாழ்க்கை ஒரு பக்கம் போகும். இங்கே அப்படியில்லை. நீ எழுதியபடிதான் நீ நடக்கவேண்டும்.

5

கொடியேற்றத்துக்கு நாலு நாள் முந்தி சபைக் கூட்டம். காப்புறுதிக்காரர் அங்கீகரித்து அனுப்பிய பட்டியல்களைச் செயலாளர் சத்தமாக வாசித்தார். ஐந்தாம் திருவிழா வந்தது. பதினொரு ஆம்பிளைகளின் பெயரை வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"பன்னிரண்டு, அபிராமி. பதின்மூண்டு, துளசிகா. பதினாலு, நிரோஜா..."

என் மகளும் அவளுடைய சிநேகிதிகளும். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சபாரத்தினம் அண்ணை கேட்டார்: "உதென்ன தம்பி, கோலாட்டத்துக்குக் குடுக்கிற லிஸ்டை மாறிக் குடுத்திட்டியோ?"

நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது. "அண்ணை, உது சும்மா கோடு நிரப்பப் போட்டது. மாத்திப்போடுவம்" என்றேன்.

"மாத்தேலாது" என்றார் செயலாளர். "நான் கேட்டுப்போட்டன். மாத்திறதெண்டா மூண்டு கிழமை எடுக்குமாம். லிஸ்டில இல்லாத ஆள் தண்டைத் தொடக்கூடாது."

"அப்ப உங்கட நாள் உள்வீதிதான்" என்றார் ஒருவர். அவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டார்.

பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளையின் குரல் வந்தது. அபிராமி எழும்பி நின்றாள். "நாங்கள் அஞ்சு பேரும் தூக்குவம் அங்கிள். அதுக்குத்தான் பேர் போட்டனாங்கள்."

மண்டபம் இரைந்தது. ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி, "பொம்பிளைப் பிள்ளையள்... துடக்கு, தீட்டு எண்டு ஒண்டு இருக்கெல்லோ" என்றார்.

அபிராமி முகம் சிவந்து கதிரையில் இருந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த புஷ்பம் எழும்பினாள். பதினைந்து வருஷத்தில் அவள் அந்தச் சபையில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"அது எங்களுக்குத் தெரியும் ஐயா. வரக்கூடாத நாளில ஒரு பிள்ளையும் வராது. நீங்கள் எத்தினை பேர் முதல்நாள் மச்சம் மாமிசம் திண்டிட்டு வந்து தோள் குடுக்கிறியள் எண்டு நாங்கள் எப்பவாவது கேட்டனாங்களோ?"

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு அலை எழும்பி அடங்கியது. இரண்டு மூன்று பேர் நிலத்தைப் பார்த்தார்கள். அதில் நானும் ஒருவன்.

சபாரத்தினம் அண்ணை ஐயர் பக்கம் திரும்பினார். ஐயர் நைவேத்தியப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னட்டைக் கேட்டா என்ன சொல்லுறது?" என்றார். "சோபா வித்த இடத்தில பிள்ளையார் வந்து இருப்பார் எண்டு முதல் நாள் நானே நம்பேல்லை. அவர் வந்து இருந்திட்டார். குளிச்சு, விரதம் இருந்து, பயபக்தியோட வாற பிள்ளையை நான் மறிக்கமாட்டன். எனக்குப் பயமெல்லாம் ஒண்டுதான். விழுத்திப்போடக் கூடாது."

"அதுதான் என்ர பயமும்" என்றார் சபாரத்தினம் அண்ணை. "சரி. ஞாயிற்றுக்கிழமை பின்னுக்குக் கார் நிப்பாட்டுற இடத்தில தூக்கிக் காட்டுங்கோ. நான் பாப்பன். சரிஞ்சா, சுவாமி உள்ளுக்குத்தான்."

அபிராமியோடு காரில் வீட்டுக்கு வந்தேன். வீட்டு வாசலில் கோபம் வெளியே வந்துவிட்டது. "சபையில என்னை வெக்கப்படுத்திப்போட்டாய்."

"நான் கேட்டனான்தானே அப்பா."

"சொல்லியிருக்கலாமே, எங்கட பேரைத்தான் போடுறன் எண்டு."

"சொன்னா விட்டிருப்பியளோ?" அவள் குரல் உடைந்தது. "சின்னனில இருந்து பூக் கட்டுறன், விளக்குப் பிடிக்கிறன், கோயில் கூட்டுறன். ஆசுப்பத்திரியில தொண்ணூறு கிலோ ஆக்களைக் கட்டிலால தூக்கி இருத்துறன். எங்கட பிள்ளையாரை மட்டும் தூரத்தில நிண்டு பாக்கவேணுமோ?"

பிள்ளைகள் பிரெஞ்சில் சிரிக்கிறார்கள், பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறார்கள், எங்களை விட்டு ஒவ்வொரு அடியாகத் தள்ளிப் போகிறார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் கவலைப்பட்டேன். இவள் கிட்ட வரப் பார்க்கிறாள். வாசலில் நின்று மறிப்பது நான்.

6

ஞாயிற்றுக்கிழமை தண்டுகளைப் பலகையோடு கட்டி, மேலே அரிசி மூடைகளை அடுக்கினோம். சபாரத்தினம் அண்ணை ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மூடைகளுக்கு நடுவில் வைத்தார்.

"இதில எவ்வளவு மிஞ்சுது எண்டு பாப்பம்" என்றார்.

முதல் தரம் தூக்கியபோது ஒரு துளியும் மிஞ்சவில்லை. செம்பு உருண்டு விழுந்து முன்னால் நின்ற பிள்ளைகள் நனைந்துவிட்டார்கள். அவர்கள் பிரெஞ்சில் ஏதோ கத்திச் சிரித்தார்கள்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. பிள்ளையார் விழேக்கையும் உப்பிடித்தான் சிரிப்பியளோ?" என்றார் அண்ணை.

என்ன பிழை என்று எல்லோருக்கும் தெரிந்தது, உயரம். ஐந்து பிள்ளைகளையும் கட்டையான மூன்று ஆம்பிளைகளையும் முன்னால் விட்டிருந்தோம். பின்னால் நாங்கள் எட்டுப் பேரும் உயரம். தண்டு முன்பக்கம் பதிந்து பாரம் முழுக்க அவர்கள் மேல் இறங்கியது.

புஷ்பம் எங்கள் தொழிற்சாலையில் கழித்துவிட்ட கோட்டுத் தோள்பஞ்சு ஒரு பை கொண்டுவந்திருந்தாள். மூன்று நாலை ஒன்றாகத் தைத்து, பிள்ளைகளின் தோளில் துண்டால் வரிந்து கட்டினாள். இரண்டு விரல் உயரம் கூடியது. இன்னும் நாலு விரல் தேவைப்பட்டது.

"பின்னுக்கு நிக்கிற நீங்கள் முழங்காலை மடியுங்கோ" என்றாள் அபிராமி. "முதுகைக் குனியாதேங்கோ, நாரி பிடிச்சுப்போடும். கதிரையில இருக்கப் போற மாதிரி. ஆசுப்பத்திரியில எங்களுக்கு முதல் பழக்கினது அதுதான்."

"முழங்காலை மடிச்சுக்கொண்டு வீதி சுத்திறதோ? நாங்கள் என்ன தவளையளோ?" என்றார் எங்களில் ஒருவர்.

ஆனாலும் மடித்தோம். அபிராமி முன்னால் நின்று, "அன், டு, த்ருவா!" என்று குரல் கொடுத்தாள். ஐந்து பிள்ளைகளும் ஒரே மூச்சில் எழும்பினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்போது ஆளுக்கொரு நேரத்தில் எழும்புகிற நாங்கள், அந்தப் பிரெஞ்சு எண்ணுக்கு ஒன்றாக எழும்பிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு அவர்களுக்குக் காலில் இருந்தது போல. எட்டு அடி நடந்தோம், நின்றோம், திரும்பினோம். ஆறாவது தரம் இறக்கியபோது சபாரத்தினம் அண்ணை செம்பை எட்டிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"பாதி நிக்குது."

நாங்களும் ஒவ்வொருவராகச் செம்பை எட்டிப் பார்த்தோம்.

"சரி, தூக்குங்கோ. சரிஞ்சுதோ, உடன இறக்கிப்போடவேணும்" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீரை மதிலோரப் பூச்செடிக்கு ஊற்றினார்.

அந்தக் கிழமை ஐந்து பிள்ளைகளும் மரக்கறிதான். எங்கள் பக்கத்தில் பதினொரு பேரும் மரக்கறிதான். புஷ்பம் கேட்டது எல்லோருக்கும் நினைவிருந்தது.

7

ஐந்தாம் திருவிழா அன்று நல்ல வெயில். வசந்த மண்டபப் பூசை முடிந்து, மேளம் மாறி வாசித்தது. ஐயர் சுவாமிக்குத் தீபம் காட்டிவிட்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிள்ளைகள் தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு தண்டுக்குக் கீழே போனார்கள்.

நான் உள்பக்கத் தண்டில், பின்னால். கண்ணை மூடி, "அப்பனே, இண்டைக்கு மட்டும் என்ர பிள்ளையின்ர தோளில நீ பாரமில்லாமல் இரு" என்று கேட்டேன். பதினைந்து வருஷத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். விசா கேட்டேன், வேலை கேட்டேன், வீட்டுக்காரன் வாடகை ஏற்றக் கூடாது என்றுகூடக் கேட்டேன். இப்படி மனமுருகி ஒருநாளும் கேட்கவில்லை.

"அன், டு, த்ருவா!"

"அரோகரா!"

சுவாமி எழும்பினார். இரும்புக் கதவைத் தாண்டி வெளியே வந்தார். கார் திருத்துமிடத்தில் வேலை செய்கிறவர்கள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். எதிர் மாடியில் ஒரு ஹெயிட்டிக்காரப் பெண்மணி நெஞ்சில் சிலுவைக் குறி போட்டார்.

நேர்த்தெருவில் ஒரு குறையும் இல்லை. மூலை வந்தது. போன வருஷம் சரிந்த அதே மூலை. உள்பக்கத்தார் நிற்க, வெளிப்பக்கத்தார் சுற்றி நடக்கவேண்டும். தெரு அந்த இடத்தில் முன்னால் இறக்கம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பழகியது சமதரையில். திரும்பத் தொடங்கியதும் தண்டு என் தோளிலிருந்து இலேசாகக் கிளம்புவது தெரிந்தது. என் தோளில் பாரம் குறைந்தால் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். முன்னால் ஒரு பிள்ளை முனகியது கேட்டது. சபாரத்தினம் அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். பட்டியலில் இல்லாதவர், தண்டைத் தொட முடியாது. இரண்டு கையையும் சுவாமிக்குக் கீழே ஏந்தினபடி நின்றார்.

"அப்பா!" அபிராமியின் குரல். "கீழ பதியுங்கோ! எல்லாரும் பதியுங்கோ! பாரம் முழுக்க இஞ்சால வருது!"

மடித்தேன். பக்கத்தில் நின்றவர்களும் மடித்தார்கள். "இன்னும்! இன்னும் கொஞ்சம்!" இன்னும் மடித்தேன். தொடை நடுங்கியது, வேட்டி நிலத்தில் உரசியது. பாரம் மெல்ல மெல்ல எங்கள் பக்கம் திரும்பி வந்து தோளில் இறங்கியது. ஐம்பத்தொரு வயதில், நடுத்தெருவில், கதிரை இல்லாமல் கதிரையில் இருக்கிறவன் போல நான் நடந்தேன். எட்டு ஆம்பிளைகள் அப்படி நடந்தோம். பார்த்தவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். நான் நிமிர்ந்து பார்த்தேன். திருவாசி நேராக நின்றது. குடை நேராக நின்றது. பிள்ளையார் ஆடாமல் அசையாமல் மூலையைத் தாண்டினார்.

வீதி சுற்றி வாசலுக்கு வந்து இறக்கியபோது பிள்ளைகளின் தோள்கள் கன்றிச் சிவந்திருந்தன. அபிராமி சுவாமியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர். நான் கிட்டப் போய் அவள் தோளில் கை வைத்தேன். "ஆ, நோகுதப்பா!" என்று துள்ளினாள். "எனக்கும்தான்" என்றேன். அவ்வளவுதான் கதைத்தோம்.

பிறகு பொங்கல் கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றோம். சபாரத்தினம் அண்ணை கையில் இலைத்தட்டோடு வந்தார். சுற்றிவர யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, நீங்கள் அஞ்சு பேரும் அடுத்த வருஷம் எங்கட ஆறாம் திருவிழாவுக்கும் பேர் தருவியளோ? நாளைக்கு எங்கட சுவாமி உள்ளுக்குத்தான். என்ன செய்யிறது, ஒன்பது பேர்."

"அப்ப சில்லு, அண்ணை?" என்று நான் கேட்டேன். அவர் கேட்காத மாதிரி நின்றார்.

அபிராமி மற்றப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் பிரெஞ்சில் ஏதோ குசுகுசுத்தார்கள்.

"வாறம் அங்கிள்" என்றாள். "ஆனா நீங்களும் பதிஞ்சு தூக்கவேணும். நீங்கள் நல்ல உயரம்."

எழுபது வயதை எட்டுகிற மனிதர். பொங்கல் தட்டை என் கையில் தந்துவிட்டு, வேட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, அந்த வரிசையிலேயே நின்றபடி முழங்காலை மடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு காணுமோ பிள்ளை?"

"இன்னும் கொஞ்சம், அங்கிள்" என்றாள் அபிராமி.